இரண்டு இருக்கைகள்: ஒரு காரை வாசித்தல்

1

ஓசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து, சிப்காட் பக்கம் தேநீர்க் கடையொன்றில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது தரையோடு தரையாக, இரண்டே கதவு கொண்ட ஒரு கார் வந்து நின்றது. நின்றது என்பதைவிட, உறுமலை அடக்கிக்கொண்டு பதுங்கியது எனலாம். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எங்களில் ஒருவர், நல்ல கவிஞர், விட்டுக்கொடுக்காத மார்க்சியர், 'பாருங்க, உபரி மதிப்பு நாலு சக்கரத்துல வருது' என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இறங்கியவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே சிப்காட் வாசலில் எங்களோடு நின்று துண்டறிக்கை கொடுத்தவர். அன்றைக்கு ஒப்பந்தக் கூலிக்கு லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். சேரியில் பிறந்தவர். இன்று பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சிறிய பட்டறைக்கு உரிமையாளர். பெங்களூரில் யாரோ இரண்டு வருடம் ஓட்டி அலுத்துப்போன வண்டியைக் கடன் போட்டு வாங்கியிருக்கிறார்.

'என்னண்ணா, திட்டிட்டிருந்தீங்களா?' என்றார் இறங்கியதும்.

திட்டத்தான் செய்தோம். அவரும் விடவில்லை. அந்த வாக்குவாதத்தின் நீட்சியே இக்கட்டுரை. அவருடைய பெயரும் வண்டியின் பெயரும் இங்கே தேவையில்லை. இப்படிப்பட்ட காரை வைத்திருப்பதில் என்ன நன்மை, என்ன தீமை என்ற கேள்வியை நாம் விளம்பரக்காரர்களிடமும் வார இதழ்களின் வாகனப் பக்கங்களிடமும் விட்டுவிட்டோம். 'நுகர்வு வெறி' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நமக்கு ஒரு நினைப்பு. அந்தச் சொல் எதையெல்லாம் விளக்காமல் விட்டுவிடுகிறது என்பதே இங்கு பேச விரும்புவது.

2

முதலில் பெயர். 'கூப்பே' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ரயிலில் முதல் வகுப்பில் இரண்டு பேருக்கு மட்டுமான சிறு அறையை அப்படித்தான் சொல்கிறோம். பிரெஞ்சில் அதன் மூலப்பொருள் 'வெட்டப்பட்டது'. நாலு பேர் எதிரெதிராக உட்காரும் குதிரை வண்டியில் ஒரு பக்க இருக்கையை வெட்டியெடுத்தால் கூப்பே. ஆக, அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு நீக்கம் இருக்கிறது. வெட்டப்பட்டது இரும்போ மரமோ அல்ல, அடுத்தவர் உட்காரும் இடம்.

இப்போது ஓசூருக்கு வருவோம். 1980இல் இந்த ஊரிலிருந்துதான் டிவிஎஸ் 50 வெளிவந்தது. இந்தியாவில் இரண்டு பேர் உட்காரும்படி வந்த முதல் மொபெட் அதுதான். அதற்கும் இருக்கை இரண்டுதான். ஆனால் அந்த இரண்டு இருக்கையை நம் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். புருஷன், பெண்டாட்டி, முன்னால் நிற்கும் ஒரு பிள்ளை, நடுவில் செருகிய இன்னொன்று. சூளகிரிப் பக்கம் கொத்தமல்லிக் கட்டும் புதினாக் கட்டும், தக்காளிக் கூடையும் அதில்தான் சந்தைக்குப் போகின்றன. பால்கேன், கேஸ் சிலிண்டர், ஆட்டுக்குட்டி என்று அது சுமக்காததில்லை. தொழிற்சாலை இரண்டு என்று வரைந்ததை மக்கள் நான்காக, ஐந்தாகத் திருத்தி எழுதினார்கள். பிரதியை வாசகன் மாற்றி எழுதுகிறான் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்த மொபெட்டின் இன்றைய வாரிசான எக்ஸ்எல் 100இன் திறன் ஏறத்தாழ 4 குதிரைத்திறன். 2016இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கூப்பேயின் திறன் ஏறத்தாழ 400. நூறு மடங்கு. அதிலும் பின்னால் பெயருக்கு இரண்டு இருக்கை உண்டு. பை வைக்கலாம், ஆள் உட்கார முடியாது. ஒன்று இரண்டு இருக்கையில் ஒரு குடும்பத்தையும் அதன் பிழைப்பையும் ஏற்றிச்செல்கிறது. மற்றது நூறு மடங்கு வலுவைக் கொண்டு பெரும்பாலும் ஒரே ஆளை ஏற்றிச்செல்கிறது. இரண்டும் ஒரே தேசிய நெடுஞ்சாலை 44இல், ஒன்றையொன்று உரசியபடி ஓடுகின்றன.

3

இத்தகைய காரை ஒரு குறியாக வாசிப்பது நமக்கு மிகவும் எளிது. ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் நூலில் சிட்ரோயன் டிஎஸ் காரைப் பற்றி எழுதினார். அந்த எழுத்துகளின் உச்சரிப்பு பிரெஞ்சில் 'தேவி' என்றும் ஒலிப்பதைக் காட்டி, கார் நம் காலத்தின் தேவாலயமாகியிருப்பதை அவர் சொன்ன பிறகு, உலகம் முழுக்க எல்லோரும் காரை அப்படியே வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கும் முன்பே, 1899இல், பிறர் காணச் செலவழிப்பதே உயர்ந்தோர் என்பதற்கான அடையாளம் என்றார் வெப்லன். இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் எந்தப் பணக்காரன் வீட்டு வாசலிலும் ஒரு கட்டுரை எழுதிவிடலாம்.

ஓசூரில் இந்த வாசிப்புக்கு ரூபாய்க் கணக்கே இருக்கிறது. டிவிஎஸ் நிறுவனமும் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள் பிரிவும் 2013இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஓசூரில் ஒரு 312 சிசி எஞ்சின் உருவானது. 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்ஆர் 310 என்ற பெயரில் அந்த எஞ்சினோடு வந்த பைக்கின் அறிமுக விலை 2.05 லட்சம். 2018 ஜூலையில் பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் என்ற பெயரில் அதே எஞ்சின் குடும்பத்திலிருந்து வந்த பைக்கின் அறிமுக விலை 2.99 லட்சம். வடிவமைப்பிலும் உதிரிகளிலும் வித்தியாசங்கள் உண்டுதான். முகப்புக் கவசத்தோடு முழுதாக மூடிய உடலோடு வந்தது விலை குறைந்த வண்டி என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரே ஊரில், ஒரே கைகள் செய்த வண்டிகளுக்கிடையே 94,000 ரூபாய் வித்தியாசம். நீலமும் வெள்ளையுமான ஒரு சின்ன வட்டத்துக்குச் சந்தை கொடுத்த விலையில் பெரும்பகுதி இதற்குள்தான் இருக்கிறது. குறிமதிப்பு என்று போத்ரியார் சொன்னதை விளங்கவைக்க இனி நாம் பாரீசுக்குப் போக வேண்டியதில்லை. ஜூஜூவாடி தாண்டினால் போதும்.

சரி. ஆனால் குறியை மட்டும் வாசிப்பவன் தெருவில் நின்று வேடிக்கை பார்ப்பவன். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வண்டி வெளியிலிருந்து தெரிவதேயில்லை. அவனுக்கு அது என்னவாக இருக்கிறது என்ற கேள்வியைக் குறியியல் தொடுவதில்லை.

4

நண்பரிடமே கேட்டோம். குறைகளை அவர் மறைக்கவில்லை. ஒரு பட்டறைக்காரனின் கணக்கோடு அடுக்கினார்.

'மொதல்ல வேகத்தடைங்கண்ணா. நம்ம ஊரு வேகத்தடைய எவன் அளந்து போட்டான்?' உண்மைதான். இந்திய சாலைக் கழகத்தின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் வளைந்து ஏறி, உயரம் 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிராமச் சாலைகளில் அது சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. தரைக்கும் காரின் வயிற்றுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லாத வண்டி அதைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக, கர்ப்பிணி நடப்பது போலத் தாண்ட வேண்டியிருக்கிறது. தன் சொந்த ஊருக்கு இவரால் இந்தக் காரில் போக முடியாது. ஊருக்கு மொபெட்டில்தான் போகிறார். சம்பாதித்ததைச் சொந்தச் சேரிக்குள் கொண்டுபோய்க் காட்ட முடியாத ஒரு சம்பாத்தியம்!

அடுத்தது அம்மா. 'ஆசையா உக்கார வெச்சேன். ஏறும்போது எப்பிடியோ ஏறிட்டாங்க. எறங்கும்போது ரெண்டு பேரு கை குடுத்துத் தூக்க வேண்டியதாப் போச்சு. கெணத்துல உளுந்த மாதிரி இருக்குதுடா சாமின்னாங்க. அப்புறம் ஏறவேயில்ல.' பெட்ரோல் நகர நெரிசலில் லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர். டயர் நான்கும் மாற்றினால் ஒரு மொபெட் வாங்குகிற காசு போய்விடும். சர்வீஸுக்குப் பெங்களூர். ஒரு சென்சார் வர மூன்று வாரம்.

பிறகு எல்லை. கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டியை இங்கே வைத்துக்கொள்ள அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, டிஎன் 70 என்ற ஓசூர் எண்ணுக்கு மாற்ற வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருக்கும் வண்டிக்கு மறுபதிவு கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. இவர் கட்டினார். பெரிய இடத்தில் இதே சட்டம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: 2025 ஜூலையில், மகாராஷ்டிரப் பதிவெண்ணோடு பெங்களூரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபெராரியைக் கர்நாடகப் போக்குவரத்துத் துறை பிடித்து 1.41 கோடி ரூபாய் வரியைக் கட்ட வைத்தது. அத்திப்பள்ளியில் காய்கறி லாரிக்காரன் மணிக்கணக்கில் நின்று அனுபவித்த மாநில எல்லை, இந்தக் கார்களுக்குப் பிடிபடும் வரை ஒரு பெயர்ப்பலகை மட்டுமே.

நிறுவனம் ஊரைவிட்டுப் போவது இன்னொரு குறை. மஸ்டாங்கை விற்ற ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளிவந்தது. வேலையிழந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இழப்பீட்டுக்காகப் போராடினார்கள். ஏற்றுமதிக்காகத் திரும்பிவரப்போவதாக 2024இல் நிறுவனம் சொன்னது. இடையில், 'இனி உதிரி கிடைக்குமா, மறுவிற்பனை விலை என்னவாகும்' என்று கார் உரிமையாளர்கள் பட்ட கவலைக்கு வாகனப் பக்கங்களில் நிறைய இடம் கிடைத்தது. நாற்பது வயதில் வேலை போன மனிதனின் மறுவிற்பனை விலை என்ன என்று அந்தப் பக்கங்கள் கேட்கவில்லை.

விலையையும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 2016இல் மஸ்டாங்கின் விலை 65 லட்சம். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தால் முப்பத்தாறு ஆண்டுகள். இருபத்திரண்டு வயதில் ஆலைக்குள் நுழைந்தவர் ஐம்பத்தெட்டில் வெளியே வரும்போது சாவியை வாங்கிக்கொள்ளலாம். ஓர் உழைப்பு வாழ்க்கை, முழுசாக, ஒரு கார்.

5

இவ்வளவையும் சொல்லிவிட்டு, 'இருந்தும் ஏன்?' என்றதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னைத் தடுமாற வைத்தது. அந்தஸ்து என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

'அண்ணா, நான் பன்னெண்டு வருசம் கிராங்க் ஷாஃப்ட் கடைசல் புடிச்சவன். மைக்ரான் கணக்குல. தப்புனா ரிஜெக்ட், அன்னிக்குக் கூலில கை வெப்பான். நான் புடிச்ச ஷாஃப்ட் எந்த வண்டில போச்சு, எப்பிடி சுத்துச்சுன்னு ஒருநாளும் எனக்குத் தெரியாது. இந்த வண்டிய ஏழாயிரம் ஆர்பிஎம் ஓட்டும்போது, உள்ள சுத்துறது எனக்குக் காதுல தெரியுது. எவனோ ஒருத்தன் எங்கியோ ஒழுங்கா வேல செஞ்சிருக்கான்னு தெரியுது.'

இதை நுகர்வு என்ற சொல்லுக்குள் அடைக்க முடியுமா? உழைப்பாளி தன் உழைப்பின் விளைபொருளிடமிருந்து அந்நியமாக்கப்படுகிறான் என்று படித்திருக்கிறோம், வகுப்பெடுத்தும் இருக்கிறோம். அந்த அந்நியமாதலின் ஒரு சிறு துண்டை, சந்தையின் வழியாகவே, கடன் வாங்கியாவது திரும்பப் பெற முனைகிற ஒரு மனிதன் நம் முன்னால் நிற்கிறான். அவன் காரைக் குறியாகப் பார்க்கவில்லை. கைகளின் வேலையாகப் பார்க்கிறான். வால்வு சத்தத்தில் எங்கோ இருக்கும் இன்னொரு தொழிலாளியின் நேர்த்தி அவனுக்குக் கேட்கிறது. பெங்களூரில் இதை முதலில் வாங்கியவருக்கு அது கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். ஓசூர் மாதிரி ஓர் ஊரில்தான் இப்படிப்பட்ட வாசகன் உருவாக முடியும். கியர், கிளட்ச், பிரேக், அலுமினிய வார்ப்பு என்று காரை அக்கக்காகச் செய்யும் ஊர் இது. முழுக் காரை இங்கே யாரும் செய்வதில்லை. துண்டுகளைச் செய்பவனுக்கு முழுமையின் மேல் வருகிற ஏக்கம் அது.

பலம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். மனிதக் கை எவ்வளவு துல்லியமாக ஒன்றைச் செய்ய முடியும் என்பதை உடம்பால் உணர வைக்கிறது அந்த இயந்திரம். நானும் அதில் போனேன். பொய் சொல்லக்கூடாது. விடிகாலை, பேரண்டப்பள்ளி தாண்டி, சூளகிரி மலைகள் சாம்பல் நிறத்தில் எழுந்துவரும்போது அவர் காலை அழுத்தினார். முதுகு இருக்கையில் பதிந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. இன்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒப்புக்கொண்டு மேலே பேசுவதுதான் நேர்மை.

6

இன்னொன்றும் அவர் சொன்னார், குரலைத் தாழ்த்தி. 'டீக்கடையில என்ன டேய்னு கூப்புட்டவன் இன்னிக்கி, சார் வண்டி எவ்ளோ வருதுங்குறான். அவன் வண்டிக்குத்தான் சார் போடுறான், எனக்கில்ல. தெரியும். ஆனா கேக்க நல்லாத்தான் இருக்குது.'

நமது கவிஞர் இதற்கு 'போலி உணர்வு' என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக வீசிவிட முடியாது. இந்த நாட்டில் யார் எதில் ஏறலாம் என்பதைச் சந்தை தீர்மானிப்பதற்கு முன்பே சாதி தீர்மானித்துவிட்டது. 1929இல் சாலிஸ்கானில் அம்பேத்கருக்கு நடந்தது நமக்குத் தெரியும். அவர் நடந்து வருவது தங்களுக்கு இழுக்கு என்று அவ்வூர்த் தலித் மக்கள் குதிரைவண்டி பிடித்தார்கள். மகாருக்கு வண்டி ஓட்ட மாட்டேன் என்று வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட, வண்டி பாலத்தில் சிக்கி, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. மானத்துக்காக ஏறிய வண்டி உடம்பை உடைத்தது. வாகனம், மானம், ஆபத்து மூன்றும் ஒரே முடிச்சில் கிடக்கும் சம்பவம் அது.

அது பழைய கதையல்ல. கிருஷ்ணகிரி 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதே தருமபுரியில் 2012 நவம்பரில் நத்தம் காலனியும் பக்கத்துச் சேரிகளும் எரிக்கப்பட்டபோது, வீடுகளோடு இரு சக்கர வாகனங்களும் எரிந்தன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து வாங்கிச் சேர்த்த பொருட்கள் அவை. 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள்.

புல்லட் ஓட்டியதற்காகக் கை வெட்டுப்படும் நாட்டில், 'ஆடம்பரம் கூடாது' என்ற உபதேசத்தை யாருக்குச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எளிமை என்பது எல்லாம் இருந்து துறந்தவனுக்கு அழகு. துறப்பதற்கு எதுவும் கொடுக்கப்படாதவன்மேல் அதைச் சுமத்தினால் அது பழைய சட்டத்தின் புதிய பதிப்பாகிவிடும். நண்பரின் காரில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை இங்கே தயக்கமின்றிச் சொல்லிவிட விரும்புகிறேன்.

7

ஆனால் வாசிப்பு இங்கே நின்றுவிட முடியாது. கார் குறியாக இருக்கலாம், கைவேலையாக இருக்கலாம், மானமாக இருக்கலாம். இந்த மூன்றும் கார் நிற்கும்போதே கிடைத்துவிடும். ஓடும்போது அது இன்னொன்றாகிறது. அடுத்தவர் உடம்புகள் நடமாடும் இடத்தின் மேல் ஓர் உரிமை கோரலாகிறது.

ஆந்த்ரே கோர்ஸ் 1973இல் எழுதினார்: கார் கடற்கரை மாளிகை மாதிரி ஓர் ஆடம்பரம், சிலரிடம் மட்டும் இருக்கும்வரைதான் அதற்குப் பயன், எல்லோரிடமும் வந்துவிட்டால் யாருக்கும் பயனில்லை. வேகத்துக்கு இது இன்னும் பொருந்தும். ஒருவர் 180இல் போக வேண்டுமானால் மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். அந்த ஒதுங்கல் கேட்டு வாங்கப்படுவதல்ல. 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையின் முக்கியப் பாதையில் இரு சக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் தடை. பாதுகாப்பு என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விவசாய நிலத்தை எடுத்துப் போட்ட சாலையிலிருந்து விவசாயியின் டிராக்டரை வெளியேற்றியாயிற்று. வேகமாகப் போகிறவனைக் குறைக்கச் சொல்வதைவிட மெதுவாகப் போகிறவனை அகற்றுவது அரசுக்கு எளிதாக இருக்கிறது.

2018இல் மத்திய அரசு விரைவுச்சாலைகளில் கார்களின் வேக வரம்பை 120 ஆக்கியது. 2013 விபத்தொன்றில் உடல் முடங்கிய ஒரு பெண் பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் 250இல் ஓடக்கூடிய வண்டியைச் செய்ய, இறக்குமதி செய்ய, விற்க, பதிவுசெய்ய எந்தச் சட்டமும் தடையில்லை. ஓட்ட மட்டும் தடை. மீறுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளை முழு வரி வாங்கிக்கொண்டு அரசு பதிவுசெய்து தருகிறது.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இவற்றையெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார்கள் செய்யவில்லை. லாரியும் பேருந்தும் சாதாரணக் காரும் மோசமான சாலை வடிவமைப்பும் செய்தவைதான் அதிகம். கூப்பேயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவது சோம்பேறித்தனமான விமர்சனம். ஆயினும் கூப்பே இந்த ஏற்பாட்டின் உச்சம். எல்லாக் காரும் அரைகுறையாகச் சொல்வதை அது முழுதாகச் சொல்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை கதீட்ரல் சாலையில், ஓரமாக நின்றிருந்த ஆட்டோக்கள்மேல் ஒரு போர்ஷே பாய்ந்தது. ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறந்தார். 2024 மே மாதம் புனேயில் ஒரு போர்ஷே இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. அவர்கள் வந்தது பைக்கில். அந்த போர்ஷே பெங்களூரிலிருந்து தற்காலிகப் பதிவில் போனது. 1,758 ரூபாய் கட்டணம் கட்டாததால் அதன் நிரந்தரப் பதிவு முடியாமலே இருந்தது. கோடிக்கு மேல் விலையுள்ள வண்டி.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். இது இயற்பியல், கருத்தியல் அல்ல. அந்த ஆற்றலிலிருந்து உள்ளே இருப்பவனைக் காக்க ஏர்பேக்கும் நொறுங்கி அடி வாங்கும் முன்பகுதியும் இருக்கின்றன. எதிரே வருபவனிடம் இருப்பது, இருந்தால், ஒரு ஹெல்மெட்.

8

நாங்கள் போன அந்த விடிகாலைக்குத் திரும்புகிறேன். குருபரப்பள்ளிக்கு முன்னால் ஒரு இடம். ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள், பத்துப் பதினைந்து பேர், கம்பெனிப் பேருந்துக்காக நெடுஞ்சாலையின் இடைத்தடுப்பில் இருந்த உடைப்பு வழியாகக் குறுக்கே வந்துகொண்டிருந்தார்கள். நடைமேம்பாலம் அரைக் கிலோமீட்டர் தள்ளி. பேருந்து யாருக்காகவும் காத்திருக்காது. தவறவிட்டால் அரைநாள் கூலி. நண்பர் பிரேக்கை அழுத்தினார். கார் கோடு போட்ட மாதிரி நின்றது. கடைசியாக வந்த பெண் டிபன் பாக்ஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் கை நடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, 'நல்ல வேள, இந்த வண்டி. பிரேக்கப் பாத்தீங்களா? வேற வண்டியா இருந்தா நின்னிருக்காதுண்ணா' என்றார்.

'வேற வண்டியா இருந்தா இந்த வேகத்துல வந்தே இருக்காதே தம்பி' என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. சாமல்பள்ளம் திரும்பி வரும்வரை எண்பதைத் தாண்டவும் இல்லை.

அந்த வண்டியின் பலமும் குறையும் தனித்தனியல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆபத்தை உண்டாக்கும் திறனும் ஆபத்திலிருந்து காக்கும் திறனும் ஒரே விலைப்பட்டியலில் வருகின்றன. காப்பதன் பலன் முதலில் வாங்கியவனுக்கு. உண்டாக்குவதன் பலன் மொத்தமும் வாங்காதவர்களுக்கு. நன்மை தீமைக் கணக்கை உரிமையாளரின் நோட்டில் மட்டும் போட்டால் இது தெரியாது. டயர் விலை அந்த நோட்டில் இருக்கும். அந்தப் பெண்ணின் பார்வை இருக்காது.

நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். கூலி, போனஸ், நிரந்தரம், இட ஒதுக்கீடு என்று நாம் எழுதும் கோரிக்கைப் பட்டியலில் சாலை வருவதேயில்லை. ஆனால் சட்டம் நமக்கு முன்னாலேயே ஒரு அடி வைத்திருக்கிறது. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் 2010இல் சேர்த்த 51இ பிரிவு, வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் வேலையோடு தொடர்புடைய நிலையில் நேரும் விபத்தை வேலையிட விபத்தாகவே கருத வழிசெய்தது. அப்படியானால் நெடுஞ்சாலை 44 ஆலையின் நீட்சி. விடிகாலை ஐந்தரை மணிக்கு அது ஒரு பணிக்கூடம். பணிக்கூடத்தில் எந்த இயந்திரம் எந்த வேகத்தில் ஓடலாம் என்பது உரிமையாளரின் ரசனை சார்ந்த விஷயமல்ல.

இதை நண்பரிடம் பிறகு ஒருநாள் அவருடைய பட்டறையில் வைத்துச் சொன்னேன். லேத்தின் சக்கின்மேல் மஞ்சள் நிறக் காப்பு மூடியிருந்தது. அதைத் தட்டிக் காட்டினார். 'இத மூடாம ஸ்பிண்டில் ஸ்டார்ட் ஆகாதுண்ணா. ஸ்விட்ச் அப்பிடி. பசங்க வேகமா வேல முடிக்கணும்னு கழட்டப் பாப்பானுங்க. நான் உடமாட்டேன். எங்கூட வேல செஞ்சவன் ஒருத்தனுக்கு ரெண்டு வெரல் போச்சு.' சற்று நிறுத்தி, 'ரோட்டுக்கு அந்த மாதிரி ஒண்ணும் இல்ல, இல்ல?' என்றார்.

இல்லை. பேரண்டப்பள்ளியில் சானமாவுக் காட்டு யானைகள் சாலையைக் கடக்கும்போது வனத்துறை ஆட்கள் இரு பக்கமும் வாகனங்களை நிறுத்துகிறார்கள். லாரியும் நிற்கிறது, மொபெட்டும் நிற்கிறது, பெங்களூரிலிருந்து காலை இட்லிக்குக் கிளம்பி வரும் கூப்பேக்களும் வரிசையாக நிற்கின்றன. யானைக்குக் கிடைக்கிற அந்த ஐந்து நிமிடம் ஷிஃப்டுக்குப் போகும் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. காரை விற்றுவிடச் சொல்லி நண்பரிடம் நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கிருப்பதாகவும் நினைக்கவில்லை. அந்த இடைத்தடுப்பு உடைப்பு இருக்கும் இடத்தில் ஒரு சிக்னலும் சுரங்கப்பாதையும் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அவருடையது. அடுத்த கூட்டத்தில் கவிஞரிடமும் வாங்க வேண்டும்.